மூட்டையின் வாடையும் மூக்கண்ணனின் ஸ்வெட்டரும்

ஊரார் அழுக்கைத் துவைத்தே பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்ட மனிதர் அவர். பெரிய இயந்திரங்கள் ஓடும் சலவைக்கடையில் கறை எடுக்கும் மேசை அவருடையது. துணியை மூக்கருகே கொண்டுபோனால் போதும், காபி கொட்டியதா, குழந்தை கக்கியதா என்று புட்டுப் புட்டு வைப்பார். ஒருமுறை ஒரு கோட்டை முகர்ந்துவிட்டு, “இவர் சிகரெட்டை விட்டுட்டேன்னு வீட்ல பொய் சொல்லிட்டு இருக்கார்” என்றார். அதை வாங்க வந்திருந்த கோட்டுக்காரரின் மனைவி எதிரிலேயே நின்றிருந்தாள். அந்த வீட்டில் அன்று என்ன நடந்ததோ, கடையில் அவருக்கு மூக்கண்ணன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட மூக்கு வாழும் வீட்டில்தான் நாய் வாடை குடலைப் பிடுங்கியது. அது அவருக்கே தெரியாது.

நாயின் பெயர் மூட்டை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு விடுதியிலிருந்து வந்த திரைச்சீலை மூட்டையை அவிழ்த்தபோது, உள்ளே சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்த குட்டி அது. இயந்திரத்துக்குள் போக இருந்த உயிரை மடியில் கட்டாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளை இல்லாத வீடு. மூட்டை வந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடக்கூட நேரமில்லாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று பார்க்க வந்தார். உள்ளே இரண்டடி வைத்தவர் மூன்றடி பின்வாங்கினார். கைக்குட்டை மூக்குக்குப் போனது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். அப்பவும் இந்த நாய் வாடை அடிச்சா, ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும்.”

மூக்கண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் மூக்குக்குத் தெரியாத வாடையா? அந்தம்மாவுக்குப் பொல்லாத மூக்கு!”

“எனக்கும் தெரியலைங்க” என்றாள் மனைவி. “ஆனா என் தங்கச்சி ஒரு வருஷமா வாசல்லயே நின்னு பேசிட்டுப் போறா. பாவம், அவளுக்கு ஏதோ அவசரம்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

அதைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது. வீட்டை மாற்றுவது லேசான காரியமில்லை, நாய் வைத்திருப்பவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? மூட்டையை அனுப்புவது என்ற பேச்சையோ இருவரும் வாயால்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மூட்டைக்குக் குளியல். அது ஈரத்தோடு நழுவி ஓடி, சோபாவில் ஒன்று, கட்டிலில் ஒன்று என்று உடம்பை உதறிவிட்டு, விருந்தாளி மாதிரி உட்காரும். புதன்கிழமை மனைவி, வாடையை இழுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சமையல் சோடாவைப் பாய் முழுக்கத் தூவி வைத்தாள். மூட்டை அதில் ஆசைதீரப் புரண்டது. மாலையில் கதவைத் திறந்த மூக்கண்ணன் வெள்ளை வெளேரென்று ஒரு நாயைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் கடையில் அவர் இதைச் சொன்னதும் இஸ்திரியக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தினம் குளிப்பாட்டினா ஈர வாடைதாண்ணே கூடும். உங்க மூக்கு வீட்டுக்குப் போனா லீவு போட்டுருது, பழகிப்போச்சு அதுக்கு. நம்ம கடை வழக்கப்படி பண்ணுங்க.”

கடை வழக்கம் இதுதான்: எந்தத் துணியில் வாடை என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் கட்டி, எண் போட்டு, மதியம் வரை மூடி வைப்பார்கள். பிறகு உள்ளே என்ன என்று தெரியாத ஒருவர் பிரித்து முகர வேண்டும்.

மூக்கண்ணன் வெள்ளிக்கிழமை ஆறு பைகளோடு வந்தார். சோபா உறை, பாய், திரை, தலையணை உறை, மூட்டையின் மெத்தை. ஆறாவதாகத் தன் ஸ்வெட்டர். ஒப்பிட்டுப் பார்க்க வாடையே இல்லாத ஒரு துணி வேண்டுமே!

இஸ்திரியக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சோபா உறைக்கு முகம் சுளித்தாள். மெத்தையை முகர்ந்து, “இதுல நாயே படுக்கலையே” என்றாள். ஆறாவது முடிச்சை அவிழ்த்தவள் பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

“அண்ணே! உள்ள நாயையே வெச்சுக் கட்டிட்டீங்களா?”

தினம் ராத்திரி போட்டுக்கொண்டாலும், துவைத்தால் சுருங்கும் என்று நான்கு வருடமாக யாரையும் தொடவிடாத ஸ்வெட்டர் அது. சலவைக்காரர் மானம் கப்பலேறியது. மதியமே அதைத் தன் கையால் அலசி, நீராவியில் காட்டி, மணக்க மணக்க வீட்டுக்குக் கொண்டுபோனார். சோபா உறையும் பாயும் கூடவே வெளுத்து வந்தன.

மனைவி அப்போதுதான் உண்மையைக் கக்கினாள். “நீங்க வாசலைத் தாண்டினதும் மூட்டை அதை ஆணியில இருந்து இழுத்து, சோபாவுல போட்டு, அதுமேல படுத்துக்கும். நீங்க திட்டுவீங்கன்னு, வர்ற நேரத்துக்கு எடுத்து மாட்டிருவேன்.”

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனார். பத்து மணிக்கே மனைவி போன் செய்தாள். பின்னணியில் ஊளை. “ஸ்வெட்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்க்குதுங்க. கைக்குள்ள தலையை விட்டு உங்களைத் தேடுது. இல்லன்னதும் ஆரம்பிச்சிருச்சு. பக்கத்து வீட்டுல எட்டிப் பார்க்கிறாங்க.”

கடையில் அத்தனை பேர் முன்னால் மூக்கண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகமே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடைக்குள்ளிருந்து தன்னைத் தனியாகப் பிரித்தெடுத்து, நான்கு வருடப் பகல்களை அது தள்ளியிருக்கிறது. அவரை அப்படித் தேட வேறு யார் இருக்கிறார்கள்? அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினார். போட்டிருந்த வேர்வைச் சட்டையைக் கழற்றி நீட்டினார். மூட்டை அதன் கைக்குள் மூக்கை நுழைத்து, ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டது.

அன்று வீட்டில் புதுச் சட்டம் போட்டார்கள். நேற்றுப் போட்ட சட்டை இன்று மூட்டைக்கு, நாளைக்குச் சலவைக்கு. நாய் வாடை ஊறுவதற்குள் துணி மாறிவிடும். குளியல் மாதத்துக்கு ஒன்று, அதுவும் முழுக்கத் துவட்டிய பிறகுதான் விடுதலை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா வந்தார். திரையை முகர்ந்தார், சோபாவில் குனிந்தார், கட்டிலடியில்கூட எட்டிப் பார்த்தார். புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள்.

“நாய் வாடை இல்லை” என்றார்.

மூக்கண்ணன் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் அவர் மூக்கு மறுபடி சுருங்கியது. “ஆனா வேற ஏதோ நெடி. வேர்வை மாதிரி. இங்கதான் எங்கேயோ...”

நாற்காலிக்கடியில் மூட்டை சட்டையை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தது.

“அது நான்மா” என்றார் மூக்கண்ணன். நடந்ததை எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

வீட்டுக்காரம்மா குனிந்து மூட்டையைப் பார்த்தார். “நாலு பிள்ளை பெத்தேன்” என்றார். “நான் நாலு நாள் வெளியூர் போனா, ஒண்ணாவது என் துணியைத் தேடியிருக்குமா? நாய் இருக்கட்டும்.”

வாசல் வரை போனவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். “இவரை மட்டும் தினம் குளிக்கச் சொல்லும்மா.”