அக்காள் கூப்பிட்ட பெயர்கள்

"சுக்கில வருஷம், மார்கழி, பெண்" என்று எங்கள் தகப்பனார் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். கிழமை போடவில்லை. அக்காள் ஆய்க்குடியில் பிறந்ததற்கு எங்களிடம் உள்ள சான்று அது ஒன்றே.

அக்காளும் நானும் தென்காசியிலேயே வாழ்க்கைப்பட்டோம். முதல் பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவளின் பெயரை வைக்க வேண்டும். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இரண்டும் நம் வழக்கம். அக்காளின் மாமியார் குழல்வாய்மொழியம்மாள். விஜய வருஷம் மகள் பிறந்ததும் அக்காள் அந்தப் பெயரை நறுக்கி, புது மோஸ்தராகக் 'குழலி' என்று வைத்தார். "எம் பேரும் இருக்கு, அவ கூப்பிடவும் தோது" என்று அந்த அம்மையாரே மெச்சினார்.

மறுவருஷம் எனக்குப் பெண் பிறந்தது. நானும் கேட்டுப் பார்த்தேன். "ஏட்டி, ஒங்கக்கா செஞ்சான்னு நீயும் எம் பேர வெட்டப் பாக்கியா? முழுசா வையி" என்றார் என் மாமியார். வைத்தோம். அந்தப் பெயரை இன்றுவரை நான் சொன்னதில்லை, இங்கும் எழுதவில்லை.

ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்துப் பேரருவிக் கூட்டத்தில் மகள் என் கையிலிருந்து நழுவிவிட்டாள். "ஏட்டி! ஏட்டி!" என்று கத்தினேன். அங்கிருந்த சிறுமிகளில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காள் அவள் முழுப்பெயரையும் ஒரே தரம் உரக்கக் கூப்பிட்டார். நனைந்த பாவாடையோடு ஓடிவந்தவள் அக்காளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பெத்த பிள்ளையக் கூப்பிட எங்கிட்ட வாய் கடன் வாங்குதியே, ஏட்டி!" என்று அக்காள் சிரித்தார்.

அருவிச் சாரலில் நின்றும் எனக்கு உடம்பு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. தன் மகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், என் மகளையும் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அத்தான் மறைந்தபின் பாவூர்சத்திரம் சந்தைக்குத் தேங்காய் அனுப்பியே அக்காள் குடும்பத்தை நிமிர்த்தினார். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. பள்ளி விட்டால் என் மகள் போவதும் அந்த வீட்டுக்குத்தான்.

அக்காள் படுக்கையில் விழுந்தபோது வண்டி கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த கடையத்து மதினிக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கீலக வருஷம் ஐப்பசியில் அக்காள் பிரிந்தார். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். கடைசியாக ஒரு பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். தன்னை என்கிறாள் குழலி. தன்னைத்தான் என்கிறாள் என் மகள். என்னையா என்றும் கேட்டேன். இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். யாரைக் கூப்பிட்டார் என்பது அக்காளின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும்வரை உறுதியாகவில்லை.