நான் போகாத மொறோக்கோ

நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பைக்குள் ஒரு கட்டுப் புதினா கிடந்தது. நான் கேட்கவில்லை. கடைக்கார அக்கா சும்மா போட்டுவிட்டிருக்கிறார். பஸ்ஸில் சனநெரிசல். பை நசுங்கியதும் மணம் குப்பென்று எழும்பியது. பக்கத்தில் நின்றவருக்குப் பிரியாணி நினைவு வந்திருக்கலாம். எனக்கு மொறோக்கோ நினைவு வந்தது. அங்கே ஃபெஸ் என்றொரு நகரம், அதில் வட்டம் வட்டமாய் வண்ணத் தொட்டிகள்.

சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நாட்டைப் பற்றி ஏறக்குறைய ஒரு வருசம் பயணத்தொடர் எழுதியவன் நான். போனதில்லை. இரத்மலானை விமான நிலையத்துக்கு ஒருமுறை யாரையோ வழியனுப்பப் போய் வாசலோடு திரும்பியிருக்கிறேன். அந்த நாட்களில் என் ஆகாய அனுபவம் அவ்வளவுதான்.

அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வார இதழில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குபவனாக இருந்தேன். இருபத்திரண்டு வயது. படித்த படிப்புக்கு இந்த வேலை காணாது என்ற எண்ணம் எனக்கு, வேலைக்கு நான் காணாது என்ற எண்ணம் ஆசிரியருக்கு. யுத்தச் செய்திகள் உள்ள பக்கங்கள் அச்சுக்கு முன் தணிக்கைக்குப் போய்த் திரும்பிவரும். திரும்பும்போது பாதி இருக்காது. வெட்டிய இடத்தை வெறுமையாக விட ஆசிரியருக்கு மனமில்லை. துறைமுகத்தில் வேலைசெய்த ஒருவர், கப்பலில் கிடைத்ததென்று அவரிடம் ஒரு பெரிய படப்புத்தகம் கொடுத்திருந்தார். முழுக்க மொறோக்கோ. எழுத்து பிரெஞ்சு. எங்கள் கந்தோரில் ஒருவருக்கும் ஓர் எழுத்தும் தெரியாது.

"தம்பி, படம் இருக்கு. எழுத ஆளில்லை. நீ போய் வந்த மாதிரி எழுது," என்றார்.

அப்படித்தான் போய்வந்தேன். பக்கம் திரும்பி வந்ததும் அவர் அறையிலிருந்து சத்தம் கேட்கும். "அரைப் பக்கம் போயிட்டுது தம்பி! மொறோக்கோவுக்கு ஓடு!" ஓடுவேன். வன்னியில் சண்டை கடுமையான கிழமைகளில் என் பயணம் நீண்டது. ஒருமுறை முழுப் பக்கமும் வெட்டுப்பட்டு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் ஒரே இருப்பில் பாலைவனத்தைக் கடந்து முடித்தேன்.

படத்தைப் பார்ப்பேன், எனக்குத் தெரிந்ததைப் போடுவேன். ஒரு கிழவர் கேத்திலை உயரத் தூக்கிக் கண்ணாடிக் குவளைக்குள் தேநீர் ஊற்றுகிறார். 'எங்கள் தேநீர்க்கடைகளைப் போலவே இவர்களும் ஆற்றித்தான் குடிக்கிறார்கள்' என்று எழுதினேன். பெரிய வட்டத் தட்டில் மஞ்சளாய், உதிரியாய் ஏதோ குவிந்திருந்தது. புட்டு என்று எழுதினேன். பக்கத்துப் படத்தில் பள்ளிவாசல் இருந்ததால் வெள்ளிக்கிழமைப் புட்டு என்று நானே முடிவுசெய்தேன். நீலம் பூசிய ஊர் ஒன்றைக் கண்டு, நாடு முழுவதற்கும் நீலம் அடித்துவிட்டேன்.

தயாளன் என்னைத் தேடி வந்தது அந்தப் பாலைவன இதழுக்குப் பிறகுதான். தயாளன் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். யாழ்ப்பாணப் பொடியன், என் வயது. வெளிநாடு போகவென்று வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் லொட்ஜில் தங்கியிருந்தான். அந்த லொட்ஜ் முழுக்கவே அப்படிக் காத்திருந்தவர்கள்தான்.

"நீரோ அந்த மொறோக்கோ?"

"ஓம்."

"உம்மட கட்டுரை நீளமா வந்தா எங்கட லொட்ஜில ஒருத்தரும் சாப்பிடமாட்டினம், தெரியுமோ?"

விளங்கச் சற்று நேரம் எடுத்தது. வெட்டு எவ்வளவு, ஊரில் நடந்தது எவ்வளவு என்று என் பாலைவனத்தை வைத்து அவர்கள் அளந்திருக்கிறார்கள்.

"எப்ப ஐசே போனனீர்?" என்றான் அடுத்ததாக.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி." நாக்கு என்னைக் கேளாமலே சொல்லிவிட்டது.

அவனை அனுப்பும் ஏஜென்சிக்காரன் இந்தமுறை மொறோக்கோ வழியைப் பிடித்திருந்தான். சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்க வேண்டும், மிச்சத்தை அங்கிருந்து பார்க்கலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏன் போகிறாய், என்ன பார்க்கப் போகிறாய் என்று துருவுவார்கள். "ரெண்டு தரம் திருப்பிப்போட்டாங்கள். மூண்டாந்தரம் பிடிச்சா வீட்டுக்கு விடமாட்டாங்கள்," என்றான். அவன் அண்ணனை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதை அவன் அதிகம் கதைக்கவில்லை. "நீர் போய்ப் பாத்தனீர்தானே, சொல்லித்தாரும்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைப் பயணி என்று நம்பி ஒருவன் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் படப்புத்தகத்தைக் காவிக்கொண்டு லொட்ஜுக்குப் போவேன். ஓர் அறையில் நாலு கட்டில். கட்டில்களுக்குக் கீழே கட்டியபடியே பைகள். எல்லோருடைய சேட்டுப் பொக்கற்றிலும் கொழும்பில் தங்குவதற்கான, நாலாய் மடித்த பொலிஸ் பதிவுத்துண்டு. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் கோச்சி போகும்போது கதை நிற்கும். விசாரணையை ஒத்திகை பார்ப்போம், நான்தான் விமான நிலைய அதிகாரி. ஆங்கிலத்தில்தான் கேட்டேன், நினைவில் எல்லாம் தமிழாகவே நிற்கிறது.

"என்ன பார்க்கப் போகிறாய்?"

"நீல மதில் பாக்கப் போறன், சேர்."

"ஏன் மச்சான், இஞ்ச பெயின்ற் முடிஞ்சுதோ?" மூலைக் கட்டிலில் படுத்திருந்தவன் கேட்டான். அறை சிரித்தது. தயாளன் சிரிக்கவில்லை. என் வரிகளைத் தேவாரம் போலப் பாடமாக்கியிருந்தான்.

ஒருநாள் அந்தத் தொட்டிப் படத்தில் விரலை வைத்தான். மேலிருந்து எடுத்த படம். தேன்கூடுபோல் நெருக்கமாய்த் தொட்டிகள், வெள்ளை, மஞ்சள், செந்நிறம். துணிக்குச் சாயம் போடும் இடம் என்று எழுதியிருந்தேன்.

"இதில என்ன மணம் அடிக்கும்?"

"மணமோ?"

"போய் வந்தவன் ஒருத்தன் கேட்டா? படத்தில இல்லாததைத்தானே கேப்பான்."

படத்தை இன்னொருதரம் பார்த்தேன். "மல்லிகை," என்றேன். "பூவிலயிருந்துதான் சாயம் எடுக்கினம்."

"மல்லிகை," என்று அவன் கண்ணை மூடிச் சொல்லிப்பார்த்தான். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

அவன் புறப்பட்ட காலை லொட்ஜ் வாசல் படலையடியில் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் போனேன். அவனை ஏற்றிப்போக வந்த வான் வண்டியின் கதவு திறந்திருந்தது. அவன் காலில் புதுச் சப்பாத்து, கழுத்தில் கமரா. படச்சுருள் இல்லாத இரவல் கமரா.

"தயா, ஒரு விசயம்..."

"பேந்து ஐசே. இப்ப ஒண்டும் சொல்லாதேயும், பாடமாக்கினது குழம்பிப்போம்."

வான் காலி வீதிப் பக்கம் திரும்பியது. அன்றைக்கு முழுக்க அச்சுத்தாளில் எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை. மல்லிகை என்ற ஒரு சொல்லால் ஒருவன் சிறைக்குப் போகக்கூடும் என்பதே தலைக்குள் நின்றது. பின்னேரம்வரை திரும்பி வரவில்லை என்றார் லொட்ஜ் மனேஜர். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துக் கந்தோருக்குக் கடிதம் வந்தது. ஃபெஸ் முத்திரை.

'ஐசே, எயார்போட்டில அதிகாரி, மொறோக்கோவில என்ன சாப்பிடுவினம் எண்டு கேட்டவன். பிட்டு எண்டன். அங்கயும் பிட்டோ எண்டு சிங்களத்தில கேட்டுச் சிரிச்சுப்போட்டு முத்திரை குத்தினவன். உம்மட புட்டுத்தான் என்னை ஏத்தினது. இஞ்ச ஒரு வீட்டில வெள்ளிக்கிழமை தந்தவை. கிட்டத்தட்டப் புட்டுத்தான், தேங்காய்ப்பூ இல்லை. ரீயை உயத்தி ஊத்திறது ஆத்த இல்லை, நுரை வர. கொதிக்கக் கொதிக்கத்தான் குடிக்கினம். உம்மட தொட்டியளையும் பாத்தன். துணிச் சாயம் இல்லை ஐசே, தோல் பதப்படுத்திற இடம். புறா எச்சத்தில ஊறப்போடுறாங்கள். நாத்தம் தாங்கேலாது. பாக்கப் போறவைக்கு மூக்கில பிடிக்கச் சொல்லி வாசலில புதினா குடுக்கினம். அதைப் பிடிச்சுக்கொண்டு உம்மை நினைச்சுச் சிரிச்சன். கோவமில்லை. அந்த அறைக்குள்ள எங்களுக்கு மல்லிகைதானே மணத்தது. நீரும் ஒருக்கா வாரும், இந்தமுறை உண்மையா. இதுகளைத் திருத்தமா எழுதிப் போடும். என்ர பேரை இப்ப போடவேண்டாம். போய்ச் சேந்திட்டு அறிவிக்கிறன், பிறகு போடும். அடுத்த கிழமை தான்ஜியர், படகில கடல் தாண்டுற இடம். அங்க நிண்டா மறுகரை தெரியுமாம்.'

அன்றே எழுதினேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே. அச்சுக்கோத்து, பெயர் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, இதழில் போடாமல் வைத்திருந்தோம். ஆசிரியர் தானாக விட்ட ஒரே வெற்றிடம் அதுதான்.

"பேர் வந்துதோ தம்பி?"

"வரும், சேர்."

அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கடுத்த கிழமையும். "ஒரு வாசகர் எண்டு போடுவமே?" என்றார். நான் ஓம் என்று சொல்லவில்லை. பொய்யெல்லாம் என் பெயரில் வந்தாயிற்று, உண்மை அவன் பெயரில்தான் வரவேண்டும் என்று பிடிவாதம். பிறகு அவர் கேட்பதை நிறுத்தினார். அந்த அச்சுத்தாளை எடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டார்.

இதழ் நின்றுபோய்விட்டது. ஆசிரியரும் இல்லை. மேசையை விற்ற நாளில் கண்ணாடியைத் தூக்கித் தாளை நான் எடுத்துக்கொண்டேன். லொட்ஜ் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது மாடித் தொடர்மனை, படலையடியில் வாகனங்களைப் பதிகிற காவலாளி. யுத்தமும் முடிந்துவிட்டது. யாரும் எதையும் வெட்டாத பத்திரிகைகள் வருகின்றன, அவற்றில் மொறோக்கோ இல்லை. காசு கட்டினால் நாளைக்கே போகலாம். தான்ஜியர் கரையில் நின்று மறுகரை தெரிகிறதா என்று பார்க்கலாம். நான் இன்னும் போகவில்லை.

புதினா மேசையில் வாடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அந்தத் தாள், மஞ்சளேறி. அவனுடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும், எழுத ஒரு வரி இடம்கூட வேண்டாம். போடச் சொல்லி அவன் இன்னும் அறிவிக்கவில்லை.