நேசையன் வாங்கிய தொன்னை

ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் நேசையன் தரை பெருக்கினான். அதே ஆலையின் ஆபீசில் நான் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன்தான்; நான் தட்டுத் தடுமாறித் தேறியவன். இது எப்படித் தலைகீழானது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். என்னை நல்லவனாகக் காட்ட இதில் ஒன்றும் இல்லை.

1930இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தோம். நேசையன் சுந்தரபாண்டியத்துக்காரன். தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். ஆனாலும் ஊர்க் கிணறு அவர்களுக்குத் திறக்கவில்லை. அப்பன் இல்லை. அம்மா அன்னாள் களையெடுத்துப் பிழைத்தாள். மிஷன் ஹாஸ்டல் சோறும் போட்டு, பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டியது. மார்ச் மாதப் பரீட்சையில் தேறினால் வாத்தியார் வேலை. தாயும் மகனும் அந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தார்கள்.

முந்தின வருஷம் ஊரில் ஒரு ஜெப ஊர்வலத்தை மறித்துக் கைகலப்பு நடந்திருந்தது. பெரியவர்கள் இன்னும் முறைத்துக்கொண்டிருக்க, மாணவர்கள் எட்டுப் பேர் சமாதான சங்கம் தொடங்கினோம். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி வேப்பமரத்தடியில் கூடுவோம். ஒருவன் தன் மதத்தைப் பற்றிப் பேசுவான், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், யாரும் கோபப்படக் கூடாது. விதிகளை எழுதியவன் நேசையன். சங்கத்தில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். யாரையாவது 'சாமி' என்றால் மரத்தடியைப் பெருக்க வேண்டும். அடுத்தவன் தன் மதத்தின் பேரால் அன்போடு கொடுப்பதை மறுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் கை வலிக்கத் தட்டினோம், மடையர்கள்.

கோயில் கைங்கரியம் செய்யும் ஸுந்தரராஜனின் மகன் உப்பிலியும் எங்களில் ஒருவன். "உப்பிலி, வாடா" என்று நேசையன் கூப்பிடும்போது அவன் முகம் மலரும். அது நடிப்பில்லை, சத்தியமாக.

கூடாரவல்லி அந்த வருஷம் சனிக்கிழமையில் வந்தது. உப்பிலி ஒரு தொன்னையில் நெய் வழிய அக்காரவடிசில் கொண்டுவந்தான். "பெருமாள் பிரசாதம். சாப்பிடுடா" என்று நேசையனிடம் நீட்டினான்.

விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்றால் அன்றைக்கே ஹாஸ்டலை விட்டு வெளியே. அன்னாள் கைநாட்டு வைத்து ஒப்புக்கொண்ட விஷயம் அது. ஆனால் மறுக்கக் கூடாது என்று எழுதியவனே அவன்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பொறவு சாப்பிடுதேன்டா" என்றான். போகிற வழியில் சாக்கடையில் கொட்டியிருக்கலாம். சிநேகிதனின் சாமிக்குப் படைத்ததைக் கொட்ட மனம் வராமல் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் வார்டன் ஞானராஜ் பெட்டிகளைச் சோதிப்பது வழக்கம். எறும்பு வரிசை அவரை நேரே நேசையன் பெட்டிக்குக் கூட்டிப்போனது.

"நான் திங்கல ஐயா. அப்படியே இருக்கு பாருங்க."

"திங்காம வச்சுக் கும்பிடுதியோ? பசிக்குத் தின்னுருந்தாக்கூட மன்னிச்சுருப்பேன்" என்றார் வார்டன். ஆராதனை மணி அடிக்கும்போது பெட்டி தெருவில் கிடந்தது.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அறையில் விசாரணை. அவர் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். "சங்க விதிப்படி உப்பிலி கொடுத்தான் என்றால் சொல்லுங்கள், ஹாஸ்டலுக்கு நானே எழுதுகிறேன்" என்றார். உப்பிலி பக்கத்தில் நின்ற தன் அப்பாவைப் பார்த்தான்.

"நான் கொடுக்கலை. அவனா எடுத்துண்டு போயிட்டான்."

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். சங்கக் குறிப்பேடு எழுதுகிறவன் நான்; அது என் கக்கத்தில்தான் இருந்தது. உப்பிலி கொடுத்ததும் நேசையன் வாங்கியதும் என் கையெழுத்திலேயே அதில் இருந்தன. "இன்னும் எழுதலை சார். நான் கவனிக்கலை" என்றேன். ஸுந்தரராஜன் பள்ளிக் கமிட்டியில் இருந்தார். எனக்கும் மார்ச்சில் பரீட்சை. நேசையன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"திருடினதும் இல்லாம, பெருமாள் பிரசாதத்தை எறும்புக்குப் போட்டிருக்கான்" என்று ஸுந்தரராஜன் கொதித்தார். அவனைத் தொட்டால் தீட்டு. பிரம்பை எடுத்துப் பியூனிடம் நீட்டினார். பன்னிரண்டு அடி. எண்ணியவரும் அவர்தான். உப்பிலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்னாள் சுந்தரபாண்டியத்திலிருந்து நடந்தே வந்து வார்டன் காலில் விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். தெருவுக்கு வந்து மகனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ருசியாவாவது இருந்துச்சாலே?"

"நான் திங்கலம்மா."

"தின்னுட்டாவது கெட்டுருக்கலாம்லாலே, பாவி!" என்று அவனை அறைந்தாள். பிறகு பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பரீட்சை எழுதவில்லை. பிறகும் எழுதவில்லை.

1947இல் எங்கள் ஆலையில் சுதந்திர விழா. மத ஒற்றுமையைப் பற்றிப் பேச மதுரையிலிருந்து ஒரு காலேஜ் புரொபசரை அழைத்திருந்தார்கள். வந்தவன் உப்பிலி. அருமையாகப் பேசினான். "என் கிறிஸ்தவ நண்பன் ஒருவன் எங்கள் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டான். அதுதான் சமாதானம்" என்றபோது கைதட்டல் ஓயவில்லை. நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் நேசையன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். உப்பிலி அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தான். அவன் கண் கலங்கியே இருந்தது.

"நேசையா! நம்ம எல்லாரையும் விட நன்னாப் படிச்சவன் நீ. ஏன்டா பாதியில விட்டே?"

நேசையன் பஞ்சுத் தூசியில் செத்த நேரம் இருமினான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

"எறும்பு மொச்சிருச்சு, சாமி" என்றான்.

சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்து, நாங்கள் இருவரும் நின்ற இடத்தைப் பெருக்க ஆரம்பித்தான்.