அன்னக்கூடையும் ரோஸ் மாத்திரையும்

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கும் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் தொழில் செய்வார்கள். மீனும் ஐஸும் நிறைந்த அகலமான அலுமினிய அன்னக்கூடையை ஒருத்தி தனியாகத் தூக்க முடியாது. உன்னுடையதை நான் ஒரு பக்கம் பிடிப்பேன், என்னுடையதை நீ பிடிக்க வேண்டும், இரண்டும் ஆட்டோவில் ஏற வேண்டும். கை கொடுக்க முடியாதவளுக்கு ஜோடி கிடையாது. ஜோடி இல்லாதவளுக்குத் தொழில் கிடையாது. என் அம்மாவுக்கு இருபது வருடமாக அத்தைதான் ஜோடி. அப்பாவின் தங்கை.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் கொழுப்பும் அதிகம் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கடலூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவர் ஒரு ரோஸ் மாத்திரை எழுதினார். சர்க்கரை இருப்பவர்களுக்கு மாரடைப்பு வராமல் இருக்க இது வேண்டும் என்றார். அதில் தவறில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். சிதம்பரத்தில் அலுவலக வேலை, தினமும் பேருந்தில் போய்வருவேன். அட்டையில் ஸ்டாட்டின் என்றிருந்ததை வாசித்து, அது எதற்கு என்று தேடிப் படித்து, அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது மாதம் வலி தொடங்கியது.

"தொடை கடுக்குது சார். தோளு ரெண்டும் அடிச்சுப் போட்ட மாரி இருக்குது" என்றாள் அம்மா.

மருத்துவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மீன் கூடை தூக்குனா வலிக்காம என்னம்மா பண்ணும்?"

"மாத்திரையால இருக்குமா சார்? சில பேருக்குத் தசை வலி வரும்னு படிச்சேன்" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "படிச்ச பிள்ளைங்க வந்துட்டா எங்களுக்கு இங்க வேலையே இல்ல."

அந்தச் சிரிப்புக்கு நான் அடங்கிப்போனேன். அதற்காக அவரையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.

ஒரு காலை ஏலம் முடிந்து அத்தையின் கூடையைத் தூக்கும்போது அம்மாவின் பிடி விட்டுப்போனது. சங்கரா மீன் முழுக்கச் சேற்றில். "இன்னா அண்ணி, கையில எலும்பு இருக்குதா, இல்ல நண்டுக்குப் போட்டுட்டியா?" என்று அத்தை கேட்டாளாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாளாம்.

அன்றோடு அம்மா ரோஸ் மாத்திரையை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஒன்றைப் பிதுக்கி எடுத்துப் பழைய பவுடர் டப்பாவில் போட்டுவிட்டு, காலி அட்டையை மட்டும் எனக்காக வைத்திருந்தாள். நான்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அட்டையைச் சரிபார்ப்பேனே. அட்டை காலியாக இருந்தால் வேலை முடிந்தது என்று நம்பும் அளவுக்குத்தான் என் படிப்பு இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் கொழுப்பு ஏறியிருந்தது. "வாயக் கட்டணும். உங்க ஆளுங்களுக்கு வறுவல் இல்லாம சோறு எறங்காதே" என்று சொல்லி மருத்துவர் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார். எங்கள் வீட்டில் வறுவல் நிறுத்தி எத்தனை மாதம் என்று அவர் கேட்கவில்லை. அவர் மேலிருந்த கோபத்தை நான் திரும்பி வரும் பேருந்தில் அம்மா மேல் கொட்டினேன். "எனக்குத் தெரியாம இன்னா திங்கற?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நின்று, அவள் விழுங்குவதைப் பார்த்த பிறகே நகர்ந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, தரையில் உட்கார்ந்த அம்மாவால் எழ முடியவில்லை. "தூக்கி வுடுடி" என்றாள். தூக்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினாள். உள்ளே அத்தனையும் ரோஸ்.

"இதப் போடாதப்ப நல்லாத்தான்டி இருந்தேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவருகிட்டச் சொன்னேன், சிரிச்சாரு. உங்கிட்டச் சொன்னா நீ பாடம் நடத்துவ."

அன்றே சிதம்பரத்தில் என் அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் மருத்துவர், நான் வாயைத் திறந்ததும் கையமர்த்திவிட்டு அம்மாவிடம் கேட்டார். எங்கே வலி, எப்போது தொடங்கியது, நிறுத்தியபோது குறைந்ததா. அம்மா டப்பாவின் கதை முழுவதையும் சொன்னாள். தசை பாதிக்கப்பட்டிருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்.

"அதுக்காகக் கொழுப்ப அப்படியே விட முடியாதும்மா. உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு. மொதல்ல தசை சரியாகட்டும். அப்புறம் இதே வகையில வேற ஒண்ணு, கொஞ்சமா, வாரத்துக்கு ரெண்டு நாள் பாப்போம். அதுவும் ஒத்துக்கலன்னா வேற வகை மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. வலிச்சா என்கிட்ட சொல்லுங்க. டப்பால போடாதீங்க."

"இவகிட்டயும் சொல்லுங்க மேடம். வீட்டுல இவதான் போலீசு" என்றாள் அம்மா.

வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கிய மாத்திரையும் மூன்றே வாரத்தில் வலியைக் கொண்டுவந்தது. இப்போது குடல் கொழுப்பை உறிஞ்சுவதைக் குறைக்கும் வேறு வகை மாத்திரை. வலி இல்லை. கொழுப்பு இறங்கியிருக்கிறது, போதுமான அளவு இல்லை. ஊசி பற்றி அடுத்த முறை பேசலாம் என்றிருக்கிறார். ஆக, பயம் முழுதாகப் போகவில்லை.

காகிதங்களோடு கடலூர் மருத்துவரிடமும் போனேன். இந்த வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று அம்மாவின் நோட்டில் எழுதச் சொன்னேன்.

"அதான் அங்கயே எழுதிட்டாங்களே."

"நீங்களும் எழுதணும் சார். நாளைக்கு அவசரம்னா இங்கதான் வருவோம்."

வெளியே கூட்டம் காத்திருந்தது. நான் நகரவில்லை. எழுதினார். இந்த முறை சிரிக்கவில்லை. வருத்தமும் சொல்லவில்லை.

இதற்குள் அத்தை வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்திருந்தாள். குறை சொல்ல முடியாது, மீன் காத்திருக்காது. தொழிலுக்குப் போகாமல் இருந்த அம்மா போன வாரம் மறுபடி துறைமுகத்துக்குக் கிளம்பினாள். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். ஏலம் முடிந்ததும் அம்மா நேராகப் போய் அத்தையின் கூடைப் பக்கத்தில் நின்றாள். அத்தையின் புது ஜோடி ஒதுங்கி இடம் விட்டாள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மறுபடி சேத்துல கொட்டிடாத அண்ணி."

"கொட்டுனா பொறுக்க ஆபீசரு வந்திருக்கா பாரு."

இருவரும் குனிந்து பிடித்தார்கள். கூடை எழும்பியது. அம்மாவின் முழங்கை நடுங்குவதைப் பார்த்து நான் கையை நீட்டினேன்.

"தள்ளிப் போடி" என்றாள் அம்மா.