மாட்டைக் குளிப்பாட்டிய இடம்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் சிங்கப்பூர்த் தேக்காவில் நல்ல பூமாலை எங்கே என்று கேட்டால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். தெருவில் நிற்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். என் பேத்தி இப்போது சனிக்கிழமை தோறும் ரிசர்வாயரில் படகு ஓட்டுகிறாள். அப்பா உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அப்பாவுக்கு அதே ரிசர்வாயரில்தான் காவல் வேலை. கரைக்கு மேலே சரிவில் எங்களுக்கு ஓர் அறை குவார்ட்டர்ஸ். அந்தத் தண்ணீரில் யாராவது கை கழுவினால்கூட வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அப்பாவைத்தான் கேட்பார். வேலை போனால் வீடும் போகும். எட்டு வயதிலேயே இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அம்மாவின் தம்பி, என் மாமா, போத்தோங் பாசிரில் மாடு வைத்துப் பால் ஊற்றிவந்தார். ஒரு மாட்டுப் பொங்கலன்று, கொம்புக்குச் சிவப்புச் சாயம் பூசிய பசுவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“மச்சான், நல்ல நாளும் அதுவுமா குழாய்த் தண்ணிய ஊத்துனா மாட்டுக்கு என்ன மரியாதை? இங்க எவ்வளவு தண்ணி கெடக்கு லா! ஒரு முங்கு முங்கிட்டுப் போயிடுறோம்.”

“அது முங்குனா என் வேலை முழுகிடும் மாப்ளே.”

“மண்டோருக்கு யாரு சொல்லப் போறா? மாடா போய்ச் சொல்லும்?”

இவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் கயிறு என் கையில் இருந்தது. மாட்டை அடக்க என்னைவிட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம். மாட்டின் எண்ணம் வேறு. தண்ணீரைக் கண்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடியது. அப்பா குறுக்கே பாய்ந்து இரண்டு கொம்பையும் பிடித்துக்கொண்டார். மாமா வாலைப் பிடித்தார். தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி மாடு நின்றது. அப்பாவின் காக்கிச் சட்டையெல்லாம் சிவப்பு.

பிறகு அப்பா மாட்டைச் சரிவில் ஏற்றி, மேட்டு ரோட்டுக்கு மறுபக்கம் கொண்டுபோய்க் கட்டினார். வீட்டுக் குழாயிலிருந்து எல்லாரும் வாளி வாளியாகச் சுமந்தோம்.

“வாசல்ல ஊத்துனா ஆகாதா மச்சான்? இடுப்பு ஒடியுது!”

“இந்தப் பக்கம் ஆகாது. தூக்கு.”

நாங்கள் குளிப்பதும் துவைப்பதும்கூட அங்கேதான். அப்பாவின் பிடிவாதங்களில் அதுவும் ஒன்று என்று நாங்கள் விட்டுவிட்டிருந்தோம்.

பாதிக் குளியலில் மண்டோர் சைக்கிளில் வந்து இறங்கினார். மண்டோர் மாட்டைப் பார்த்தார், சிவப்புச் சட்டையைப் பார்த்தார், குளித்த தண்ணீர் ஓடிய சாக்கடையோரம் போய் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அம்மா நீட்டிய சர்க்கரைப் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அம்மாவின் பொங்கல்தான் அப்பாவின் வேலையைக் காப்பாற்றியது என்று ரொம்ப காலம் எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தேன். எங்கள் வாசலில் ஊற்றுவதெல்லாம் சரிவிறங்கி ஊர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும், ரோட்டைத் தாண்டினால் சாக்கடை வேறு திசையில் ஓடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. மண்டோர் அத்தனை நேரம் குனிந்து நின்றதைப் பார்த்து, பாவம், காசைத் தவறவிட்டுவிட்டார் போல என்று நானும் அவர் பக்கத்தில் குந்தித் தேடினேன்.