ஈஸ்டருக்குப் பிறகும் இளைத்தேன்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா குடலில் கட்டி வந்து இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். அது எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியாது. மலத்தோடு இரத்தம் போனது. முதலில் என்னிடம் மட்டும்தான் சொன்னார், அதையும் மூலம் என்றுதான் சொன்னார்; ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் உங்கள் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை அதே இரத்தத்தை என் மலத்திலும் பார்த்தேன். அவசரமாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன்.  உங்கள் அம்மாவிடம் வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

வயிறு சரியில்லை என்றால் போதும், நம் ஊரில் எல்லாருமே வைத்தியர்தான். நாகல் நகரில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு பை நிறைய ஆயக்குடி கொய்யாவைக் கொடுத்தார். "விதையோட மென்னு முழுங்குங்கண்ணே. குடலைக் கூட்டிப் பெருக்கிரும்" என்றார். உங்கள் மாமா, "வெளக்கெண்ணெ குடிங்க மச்சான், அம்புட்டும் வெளிய வந்துரும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கொய்யா, கீரைத்தண்டு, விளக்கெண்ணெய் என்று சொன்னதையெல்லாம் செய்தேன். ஒவ்வொன்றும் டாக்டரிடம் போகாமலிருக்க எனக்கு ஒரு சாக்கு. வலி கூடிக்கொண்டே போனது.

அதோடு தவக்கால நோன்பான ஒருசந்தி வேறு. ஒருவேளைச் சாப்பாடுதான். சட்டை தொளதொளத்தது. பூசை முடிந்து வரும்போது ஒருவர் என்னைக் காட்டி, "ஒருசந்தின்னா இப்படி இருக்கணும்யா, மொகத்துலயே தெரியுது பாரு" என்றார். இளைப்பு ஒருசந்தியால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

ஈஸ்டர் வந்தது. கறியும் சோறுமாகச் சாப்பிட்டேன். அடுத்த வாரமும் சாப்பிட்டேன். இளைப்பு நிற்கவில்லை. நான் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்ததை உங்கள் அம்மா பார்த்துவிட்டாள்.

"தவக்காலந்தான் முடிஞ்சிருச்சுல்ல, இன்னும் யாருக்கு ஒருசந்தி இருக்கீக?"

சட்டையைப் பெல்ட்டுக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"ரத்தம் போகுதா?"

தலையாட்டினேன்.

"உங்கண்ணனுக்குப் போன மாதிரியா?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் அழவில்லை. ஆட்டோ கூப்பிட்டாள்.

டாக்டரம்மா நான் தின்றதையெல்லாம் கேட்டுவிட்டு, "கொய்யா நல்லதுதான். யாருக்கு, எப்பங்கிறதுதான் கேள்வி. என்ன சீக்குன்னே பாக்காம பேதிக்கும் குடிச்சுப் பட்டினியும் கெடந்தா, புண்ணான குடல் என்னங்க செய்யும்?" என்றார். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வரும்வரை, நீங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பையை மாட்டிவிடுகிற சாக்கில் உங்கள் தோளைத் தொட்டுக்கொண்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

கட்டி இல்லை. பெருங்குடலில் புண். மாத்திரையை விடக்கூடாது, அவ்வப்போது குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் காலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் குனிந்து பார்க்கிறேன்.

போன வாரம் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, "ரத்தம் வந்துச்சா?" என்று கத்திவிட்டேன்.

"ஐயோ அப்பா, பஜ்ஜி நெறையா தின்னுட்டேன், அம்புட்டுத்தான்!"

எல்லாரும் சிரித்தீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் என்றைக்காவது அப்படி ஒன்றைப் பார்த்தால், அசிங்கம் என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வராதீர்கள். நம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் அப்படி ஊற்றிவிட்டு வந்தவர்கள். என்னைக் கூப்பிடுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.