பதினெட்டாவது சீட்டு

அவள் தையலில் குறை சொன்னவர் கிடையாது. சொன்ன தேதியில் துணி வாங்கியவரும் கிடையாது. "நாளைக்கு வாங்க" என்று சொல்லியே பதினைந்து வருஷம் கடையை ஓட்டிவிட்டாள். தெருவில் அவள் பேரே நாளைக்கு அக்கா.

அவளிடம் போய் இருபத்தைந்து சாம்பல் நிறச் சட்டைக்கு ஆர்டர் கொடுத்தார், புதிதாகச் சங்கம் திறந்திருந்த தலைவர். ஆளுக்கொரு அளவுச் சீட்டு. பெயர் இல்லை, எண் மட்டும். வெள்ளிக்கிழமை காலை ஊர்வலமாம். எதிர்த் தெருக்காரர்களுக்குப் பாடம் புகட்டப் போகிறார்களாம். பாடத்துக்கு வேண்டிய கட்டைகளைச் சங்கத்தில் அடுக்கி வைத்திருந்ததை அவளே பார்த்தாள். தைக்கிறவளுக்கு எதற்கு ஊர்வம்பு? தலைவரின் முறைப்புக்குப் பயந்து இராப்பகலாக மிஷினை மிதித்தாள்.

புதன்கிழமைக்குள் பதினேழு சட்டை காஜா எடுத்து, இஸ்திரி போட்டுத் தயார். மகளே வாயைப் பிளந்தாள்.

பதினெட்டாவது சீட்டைப் பிரித்தாள். இடது தோள் ஓர் அங்குலம் இறக்கம். பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து அவள் தைத்துவரும் தோள் அது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று தினமும் நண்பன் வீட்டுக்குப் போகிற மகனின் தோள். கத்தரியைக் கீழே வைத்தாள்.

"சட்டை இல்லேன்னா போக மாட்டான்ல?" என்றாள் மகளிடம்.

"போவான்மா. நீ எல்லாரையும் போட்டுப் பாக்கணும்னு இங்க வரச் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

வயசுப் பையன் இருக்கிற வாடிக்கைக்காரிகள் அத்தனை பேருக்கும் மகள் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைவரும், பின்னால் ஒளிந்து நின்ற அவள் மகனும் சேர்த்து இருபத்தைந்து வீரர்களும் கடைக்குள் பனியனோடு நின்றார்கள். கழற்றிய சட்டைகள் உள்ளறையில், சாவி மகள் கையில். "இதோ ஆச்சு தம்பி, ரெண்டு நிமிஷம்" என்று நாளைக்கு அக்கா இழுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாக்கள் வந்து சேர்ந்தார்கள். பனியனோடு அம்மா முன்னால் நின்று வீரம் பேச எவனுக்கு வாய் வரும்? ஒவ்வொருவனாகக் காதைப் பிடித்து இழுத்துப் போனார்கள். கடைசியாக வந்தது தலைவரின் அம்மா.

ஊர் அமைதிக் குழு கூட்டம் போட்டு, அவளுடைய முன்யோசனையைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தது. முன்வரிசையில் அதே அம்மாக்கள் கை வலிக்கத் தட்டினார்கள். அவளால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினேழு சட்டைகளை மடிக்கும்போது அவற்றுக்குள்ளும் யாரோ பெற்ற பிள்ளைகள் உண்டென்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மகனின் தோள் மட்டும் நேராக இருந்திருந்தால், வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன தேதியில் இருபத்தைந்தையும் கொடுத்திருப்பாள்.